அக்குசேட்டிவ் என்ற வேற்றுமை யார்மேல் குற்றம் சாட்டுகிறது?

திண்டுக்கல் செவிலி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் செவிலியர். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக மாலை நேரத்தில் ஜெர்மன் மொழி படிக்கிறேன். இப்போது ஏ2 நிலை, அதாவது தொடக்க நிலையின் இரண்டாம் படி. பாடத்தில் நோமினாட்டிவ், அக்குசாட்டிவ், டாட்டிவ், கெனிட்டிவ் என்று நான்கு வேற்றுமைகள் வருகின்றன. 'டேர் மான்' என்றால் அந்த ஆள். அவனை நான் பார்க்கிறேன் என்று சொல்ல வந்தால் 'டேர்' என்பது 'டென்' ஆகிவிடுகிறது: 'இஹ் சேஹெ டென் மான்'. ஒருமையில் ஆண்பாலுக்கு மட்டும்தான் இந்த மாற்றம், மற்ற இரண்டு பாலிலும் எதுவும் மாறுவதில்லை. இதுவரைக்கும் எனக்குச் சிக்கல் இல்லை. தமிழில் 'ஐ' உருபு போடுகிற இடம் என்று மனதில் வைத்துக்கொண்டால் முக்கால்வாசி சரியாக வந்துவிடுகிறது.

என் சந்தேகம் பெயரைப் பற்றியது. ஆங்கிலத்தில் இதை அக்குசேட்டிவ் என்கிறார்கள். அக்கியூஸ் என்றால் குற்றம் சாட்டுவது. அக்கியூஸ்டு என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். 'நான் அந்த ஆளைப் பார்க்கிறேன்', 'நான் கதவைத் திறக்கிறேன்' என்ற வாக்கியங்களில் குற்றம் எங்கே இருக்கிறது? வகுப்பில் கேட்டேன். பெயரை விடுங்கள், அட்டவணையை மனப்பாடம் செய்யுங்கள் என்றார்கள். அட்டவணை மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் தினமும் வாயால் சொல்கிற ஒரு பெயர் ஏன் அப்படி அமைந்தது என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

சொல்வேட்டை எழுதியது:

இது பழைய மொழிபெயர்ப்புப் பிழை. கிரேக்கத்தில் இந்த வேற்றுமைக்கு ஐத்தியாத்திகே என்று பெயர். 'விளைவிக்கப்பட்டதைச் சேர்ந்தது' என்று பொருள். வினையால் எது உண்டாகிறதோ அதைக் குறிக்கும் வேற்றுமை. ரோமானியர் அதை இலத்தீனுக்குக் கொண்டுவந்தபோது, அதே வேரிலிருந்து வரும் 'குற்றம் சாட்டு' என்ற வினையோடு குழப்பிக்கொண்டு அக்குசாத்திவுஸ் என்று ஆக்கிவிட்டார்கள். பழி வாரோ என்ற ரோமானிய அறிஞர் மேல். அங்கிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் எல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்துக்கு 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. அவ்வளவுதான்.

குருமடத்து இலத்தீன் எழுதியது:

சிஸ்டர், நான் இளவயதில் குருமடத்தில் படித்தவன். குருவாகவில்லை, தமிழாசிரியர் ஆனேன். அங்கே இலத்தீன் சொல்லிக்கொடுத்த ஃபாதர், மேசை என்ற சொல்லை வைத்து 'மென்சா, மென்சே, மென்சே, மென்சாம், மென்சா, மென்சா' என்று ராகத்தோடு சொல்ல வைப்பார். அதில் நான்காவதாக வரும் 'மென்சாம்', மேசையை, அதுதான் அக்குசாத்திவுஸ். அப்போது எனக்கும் உங்கள் சந்தேகம்தான். அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன்.

சொல்வேட்டை சொன்ன விளக்கம் எல்லா இடத்திலும் எழுதியிருக்கும் விளக்கம். அதில் பெரும்பகுதி சரி. ஆனால் 'வாரோ குழப்பிக்கொண்டார்' என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்கவில்லை. விஷயம் அதைவிட ஆழமானது.

முதலில் கிரேக்கத்தைப் பார்ப்போம். அலெக்சாந்திரியாவில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் இருந்த தியோனீசியுஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் சிறிய இலக்கண நூலில் ஐந்து வேற்றுமைகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் கிளேத்திகே என்பது 'கூப்பிடு' என்ற வினையிலிருந்து வந்தது, நம் விளிவேற்றுமை. தொத்திகே என்பது 'கொடு' என்ற வினையிலிருந்து வந்தது, உங்கள் டாட்டிவ். ஐத்தியாத்திகே என்பதற்கு அடியில் இருப்பது ஐத்தியா என்ற சொல். சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

ஐத்தியா என்றால் காரணம். ஐத்தியா என்றால் குற்றச்சாட்டும்தான். கிரேக்கருக்கு இவை இரண்டு தனிச் சொற்கள் அல்ல. இது நமக்குப் புரியாத விஷயமும் இல்லை. வீட்டில் ஏதோ ஒன்று உடைந்து கிடக்கிறது, 'இதுக்கு யார் காரணம்?' என்று அப்பா கேட்கிறார். அவர் காரண காரிய ஆராய்ச்சி செய்யவில்லை, குற்றவாளியைத் தேடுகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காரணம் என்ற சொல் தமிழிலும் அந்த எல்லை வரை போய் நிற்கிறது. கிரேக்கத்தில் அது எல்லையைத் தாண்டி, நீதிமன்றத்துச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஐத்தியா என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வரும் வினைக்கு 'பழி சொல், குற்றம் சாட்டு' என்பதே வழக்கமான பொருள். அதே சமயம், 'விளைவு' என்ற பொருளில் ஐத்தியாத்தோன் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். ஆக, ஐத்தியாத்திகே என்று ஒருவர் பெயர் வைத்தால், 'விளைவைச் சேர்ந்தது' என்றும் படிக்கலாம், 'குற்றம் சாட்டுதலைச் சேர்ந்தது' என்றும் படிக்கலாம். இலக்கண அமைப்பில் இரண்டுக்கும் தடை இல்லை.

இப்போது வாரோவுக்கு வருவோம். கி.மு. 116 முதல் 27 வரை வாழ்ந்தவர். இலத்தீன் மொழியைப் பற்றி 25 பாகங்களில் எழுதினார். நமக்கு 5 முதல் 10 வரையிலான பாகங்கள் மட்டும் கிடைத்திருக்கின்றன, அவையும் முழுமையாக இல்லை. அதில் 8-ஆம் பாகத்தில் வேற்றுமைகள் எதற்காக உண்டாயின என்று விளக்கும்போது, இன்னொருவரைப் பற்றிப் பேசுகிறவர் அவரைக் கூப்பிடுகிறாரா, அவருக்குக் கொடுக்கிறாரா, அவர்மேல் குற்றம் சாட்டுகிறாரா என்று வேறுபடுத்திக் காட்டுவதற்காக என்கிறார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கூப்பிடுதல், கொடுத்தல், குற்றம் சாட்டுதல். ஒவ்வொரு வேற்றுமைக்கும் அதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் ஒரு வினையை எடுத்துக்காட்டாகச் சொல்லி, அந்த வினையாலேயே வேற்றுமைக்குப் பெயர் வைப்பது என்ற முறை இதில் தெரிகிறது. டாட்டிவ் என்றால் கொடுக்கும் இடத்தில் மட்டும்தான் வரும் என்று யாரும் சொல்லவில்லை. உதவுதல், பதில் சொல்லுதல், நன்றி சொல்லுதல் எல்லாவற்றுக்கும் வருகிறது. கொடுத்தல் அதற்கு ஒரு முகம், அவ்வளவே. அதே மாதிரி குற்றம் சாட்டுதல் இந்த வேற்றுமைக்கு ஒரு முகம். வாரோ, பெரிய வழக்காடியான சிசரோவின் காலத்தவர். வழக்காடுவது பெரிய மனிதர்களின் அன்றாட வேலையாக இருந்த ரோம் அது. 'ஒருவனைக் குற்றம் சாட்டுகிறேன்' என்பது அங்கே அரிதான வாக்கியம் அல்ல. அதனால்தான் அவரைக் கிரேக்கம் தெரியாதவர் போலப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் கிரேக்கச் சொல்லிலேயே இருந்தது.

இன்னொரு விஷயம் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இலத்தீனில் அக்குசாரே, 'குற்றம் சாட்டு' என்ற வினை எப்படி உண்டானது? 'அத்' என்ற முன்னொட்டும் 'கௌசா' என்ற பெயர்ச்சொல்லும் சேர்ந்து. கௌசா என்றால் காரணம், வழக்கு என்று இரண்டு பொருளும் உண்டு. ஆங்கிலத்தின் காஸ், அதாவது காரணம், இதிலிருந்துதான் வந்தது. ஒருவனை ஒரு கௌசாவுக்குள் கொண்டுவருவதுதான் அக்குசாரே. ஐத்தியா இருந்த இடத்தில் கௌசா, ஐத்தியாவின் வினை இருந்த இடத்தில் அக்குசாரே. உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. அக்குசேட்டிவ் என்ற பெயருக்குள் 'காரணம்' இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கி.பி. 500 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில் இலத்தீன் கற்பித்த பிரிசியன், தன் பெரிய இலக்கண நூலில் இதை 'அக்குசாத்திவுஸ் அல்லது கௌசாத்திவுஸ்' என்று இரண்டு பெயராலும் குறிக்கிறார். கிரேக்கம் பேசும் ஊரில் இருந்தவர். பெயருக்கு இரண்டு வழி உண்டு என்று அவருக்குத் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். ஆனால் பள்ளிகளில் முதல் பெயர்தான் நின்றது.

அப்படியானால் கிரேக்கத்தில் முதன்முதலில் பெயர் வைத்தவர் மனதில் என்ன இருந்தது? 19-ஆம் நூற்றாண்டில் டிரெண்டலென்பர்க் என்ற ஜெர்மானிய மெய்யியல் அறிஞர் 'விளைவு' என்ற பொருளையே வலியுறுத்தினார். அதற்குப் பிறகுதான் 'இலத்தீன் பெயர் பிழை' என்ற கருத்து உறுதிப்பட்டது. பெயர் வைத்த கிரேக்கர் மனதில் இருந்தது 'விளைவு' என்பதே என் கட்சியும். வேற்றுமைகளுக்குப் பெயர் கொடுத்த சூழலில் மெய்யியலாளர்கள், முக்கியமாக ஸ்டோயிக் என்ற கிரேக்க மெய்யியல் மரபினர் இருந்தார்கள். காரணம், விளைவு என்பவை அவர்கள் நாள் முழுவதும் வாதாடிய சொற்கள். வீடு கட்டினான் என்றால் கட்டியதன் விளைவு வீடு. அங்கே பெயர் மிக நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் 'வீட்டைப் பார்த்தான்' என்றால்? பார்த்ததால் வீடு உண்டாகவில்லை. 'விளைவு வேற்றுமை' என்று சரியாக மொழிபெயர்த்திருந்தாலும் அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் பெயராக இருந்திருக்காது. இதில் நம் நன்னூல் எனக்கு நினைவுக்கு வருகிறது. 'இரண்டா வதனுரு பையே யதன்பொருள் ஆக்கல் அழித்தல் அடைதல் நீத்தல் ஒத்தல் உடைமை ஆதி யாகும்.' குடத்தை வனைந்தான் என்ற ஆக்கல் முதலில் வருகிறது. கிரேக்கர் 'விளைவு' என்றது இதைத்தான். ஆனால் பவணந்தியார் அங்கே நிற்கவில்லை. கோட்டையை இடித்தான், ஊரை அடைந்தான், இல்லத்தைத் துறந்தான், புலியை ஒத்தான், பொன்னை உடையான் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத உறவுகளையெல்லாம் ஒரே உருபின் கீழ் வரிசையாக வைத்துவிட்டு, கடைசியில் 'ஆதி' என்று கதவையும் திறந்து வைக்கிறார். பெயர் வெறும் 'இரண்டாவது'. தொல்காப்பியர் 'ஐ எனப் பெயரிய வேற்றுமைக் கிளவி' என்று உருபையே பெயராக்குகிறார். பாணினியும் 'இரண்டாவது' என்று எண்ணால்தான் சொல்கிறார். பொருளை வைத்துப் பெயரிட்டால் ஏதாவது ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட வேண்டியிருக்கும். எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஐரோப்பியர் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோது அவர்களுடைய பெயர்களும் கூடவே வந்தன. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் நம் 'ஐ' உருபு அக்குசேட்டிவ் என்ற பெயரில்தான் பேசப்படுகிறது.

வோல்காகரை எழுதியது:

அக்கா, நான் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறேன். ரஷ்ய மொழியில் இதற்கு 'வினீத்தெல்னிய் பதேஷ்' என்று பெயர். 'வினா' என்றால் அங்கே குற்றம், பழி. (நம் வினாவோடு சம்பந்தம் இல்லை, ஒலி மட்டும் ஒன்று.) ஆக அவர்களும் 'குற்றம் சாட்டும் வேற்றுமை' என்றே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆசிரியை இது கிரேக்கத்திலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எடுத்த பெயர் என்று சொன்னார். அப்படியானால் ரோமானியர் மட்டும் தனியாக அப்படிப் படிக்கவில்லை என்றுதானே ஆகிறது?

பதேஷ் என்பது 'விழு' என்ற வினையோடு சேர்ந்த சொல். வேற்றுமைக்கு ஏன் விழுவது என்று பெயர் என்பது எனக்குத் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்று. தமிழ் தெரிந்தவர்களுக்கு ரஷ்ய மொழியில் இந்த வேற்றுமை ஓரளவு சுலபம். ஆண்பால் பெயரில் உயிருள்ளதற்கு மட்டும்தான் வடிவம் மாறும். மாணவனைப் பார்க்கிறேன் என்றால் 'ஸ்துதேன்த்' என்பது 'ஸ்துதேன்தா' ஆகிறது. மேசையைப் பார்க்கிறேன் என்றால் 'ஸ்தோல்' அப்படியே நிற்கிறது. நாமும் 'மரம் வெட்டினான்' என்று உருபு இல்லாமல் சொல்கிறோம், ஆனால் 'மாணவன் பார்த்தேன்' என்று சொல்வதில்லை, 'மாணவனை' என்றாக வேண்டும். கூடப் படிக்கிற வடநாட்டு நண்பர்களும் தங்கள் மொழியில் இப்படி ஒன்று உண்டு என்கிறார்கள்.

திண்டுக்கல் செவிலி எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. 'யார் காரணம்' என்று நீங்கள் சொன்னதும் சட்டென்று புரிந்துவிட்டது. தம்பிக்கும் நன்றி.

தம்பி கேட்டதையே நானும் கேட்கிறேன். ஜெர்மனில் வேற்றுமைக்கு 'ஃபால்' என்கிறார்கள், அதுவும் விழுவதுதான். ஆங்கிலத்தில் கேஸ். எங்கள் வேலையில் நாள் முழுவதும் கேஸ், கேஸ் ஷீட் என்றுதான் பேசுகிறோம். கோர்ட்டிலும் கேஸ். இலக்கணத்தில் வரும் கேஸ் அதே சொல்லா, வேறா? கெனிட்டிவ் என்ற பெயரையும் ஒரு வார்த்தை விளக்கினால் என் அட்டவணை முழுதாகிவிடும்.

குருமடத்து இலத்தீன் எழுதியது:

அதே சொல்தான் சிஸ்டர். இலத்தீனில் காதெரே என்றால் விழு. அதிலிருந்து காசுஸ், விழுதல். ஒருவருக்கு நேர்ந்தது, வந்து விழுந்த நிகழ்ச்சி என்று பொருள் விரிந்து, அதுதான் உங்கள் கேஸ் ஷீட்டிலும் இருக்கிறது, நீதிமன்றத்திலும் இருக்கிறது, இலக்கணத்திலும் இருக்கிறது. உங்கள் மருத்துவமனையின் கேஷுவாலிட்டி வார்டும் காசுஸ் வழி வந்த பெயர்தான். அங்கே கொண்டுவரும் ஆக்சிடென்ட் கேஸில் உள்ள ஆக்சிடென்ட்டும் அதே காதெரே, முன்னால் 'அத்' சேர்ந்தது. சூட்கேஸில் வரும் கேஸ் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது காப்சா, பெட்டி என்ற வேறொரு இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

ஏன் விழுதல்? கிரேக்கத்தில் இதற்கு ப்டோசிஸ், விழுதல், என்று பெயர். அரிஸ்டாட்டில் பெயரிலும் வினையிலும் ஏற்படும் எல்லாத் திரிபையும் அப்படி அழைத்தார். ஸ்டோயிக் மரபினர் அதைப் பெயர்ச்சொல்லுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். எழுவாய் நேராக நிற்பது, மற்றவை சாய்ந்தவை என்று பிரித்தார்கள். உடனே எதிர்ப்பு வந்தது. நேராக நிற்பதை எப்படி 'விழுந்தது' என்று சொல்லலாம், எழுவாயை வேற்றுமை என்றே சொல்லக் கூடாது என்று அரிஸ்டாட்டில் வழியினர் கேட்டார்கள். அதற்கு ஸ்டோயிக்குகளின் பதிலை அம்மோனியுஸ் என்ற உரையாசிரியர் குறித்து வைத்திருக்கிறார். சொல் நம் மனதிலுள்ள எண்ணத்திலிருந்து விழுகிறது. மேலிருந்து எழுத்தாணியைப் போட்டால் அது தரையில் குத்திக்கொண்டு நேராகவும் நிற்கலாம். நேராக நின்றாலும் அது விழுந்ததுதானே?

எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடிக்கும். நம் மரபிலும் எழுவாயை முதல் வேற்றுமையாக எண்ணுகிறோம், அதற்குத் தனி உருபு இல்லாவிட்டாலும். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி எழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் டிக்ளென்ஷன் என்கிறார்களே, அதுவும் நேரிலிருந்து விலகிச் சாய்வதுதான்.

கெனிட்டிவ் விஷயத்தில் இலத்தீன் பெயரை என்னால் முழு மனதோடு தாங்கிப் பேச முடியாது. கிரேக்கப் பெயர் கெனிகே. கெனோஸ் என்றால் இனம், வகை. 'பறவையின் முட்டை' என்றால் எந்த வகை முட்டை என்று 'பறவையின்' என்பது வகைப்படுத்துகிறது. இலத்தீனில் கெனித்திவுஸ் என்று வைத்தார்கள். அது பிறப்பு, பெற்றெடுத்தல் சம்பந்தப்பட்டது. மாக்ஸ் முல்லர் 1861-இல் லண்டனில் ஆற்றிய மொழியியல் சொற்பொழிவுகளில் இதை வெளிப்படையாகவே பெரும் பிழை என்று சாடினார்.

ரஷ்யத் தம்பிக்கு: ஆம், ரோமானியர் தனியாக இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரியும் படிக்கவில்லை. தியோனீசியுஸின் நூலை ஆர்மேனியர் மிகப் பழைய காலத்திலேயே தங்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். ஆர்மேனிய மொழியில் இந்த வேற்றுமைக்கு ஹைத்ஸகான் என்று பெயர். 'வேண்டு, இரந்து கேள்' என்ற வினையிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ஐத்தெயோ என்றால் கேள், வேண்டு. ஐத்தியாத்திகேயை அந்த வினையோடு சேர்த்துப் படித்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. ஐஸ்லாந்துக்காரர் இந்த வரிசையிலேயே சேரவில்லை. அவர்கள் பெயர் தோல்ஃபால். தாங்குவது, படுவது என்ற பொருள். நம் 'செயப்படுபொருள்' என்பதில் உள்ள 'படு' நினைவுக்கு வருகிறது.

ஆங்கிலத்திலும் ஒரு முறை சொந்தப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். கி.பி. 1000-க்குச் சற்று முன்பு ஏல்ஃப்ரிக் என்ற துறவி, மாணவர்களுக்காக இலத்தீன் இலக்கணத்தைப் பழைய ஆங்கிலத்தில் எழுதினார். ஐரோப்பாவில் மக்கள் மொழியில் எழுதப்பட்ட முதல் இலத்தீன் இலக்கணம் அது. அதில் ஒவ்வொரு வேற்றுமைப் பெயரையும் அவர் மொழிபெயர்க்கிறார். அக்குசாத்திவுஸ் 'வ்ரேயெந்த்லிச்' ஆகிறது, குற்றம் சாட்டுவது. கெனித்திவுஸுக்குப் பெற்றெடுப்பது என்ற பொருளில் ஒரு சொல், கூடவே உடைமை என்ற பொருளில் இன்னொரு சொல். அந்த இரண்டாவது சொல்லைப் பார்த்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. பெயர் பொருந்தவில்லை என்று உணர்ந்து, மாணவனுக்கு உதவட்டும் என்று சேர்த்திருக்கிறார். அவருடைய பெயர்கள் எதுவும் நிலைக்கவில்லை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் இலத்தீனும் படிப்பு மொழிகளாகி, பழைய கலைச்சொற்கள் போய்விட்டன.

ஆங்கில வாத்தியார் எழுதியது:

நல்ல உரையாடல். நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரு சிறு குறிப்பு: இந்த வேற்றுமை ஆங்கிலத்திலும் உயிரோடுதான் இருக்கிறது. ஹிம், ஹெர், தெம், ஹூம் எல்லாம் அக்குசேட்டிவ் வடிவங்கள். மாணவர்களுக்கு அதைக் காட்டிவிட்டால் ஜெர்மன் படிக்கும்போது பயம் இருக்காது.

குருமடத்து இலத்தீன் எழுதியது:

வாத்தியார் ஐயா, இன்றைய வேலையை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. பிறப்பை வைத்துப் பார்த்தால் அவை நான்கும் டாட்டிவ் வடிவங்கள். சிஸ்டருக்கு இது நேரடியாகப் பயன்படும் என்பதால் விளக்கிவிடுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் 'அவனை' என்பதற்கு ஹினெ, 'அவனுக்கு' என்பதற்கு ஹிம். 'யாரை' என்பதற்கு ஹ்வோனெ, 'யாருக்கு' என்பதற்கு ஹ்வாம். பிறகு ஒலிகள் தேய்ந்து, 'அவனுக்கு' வடிவமே 'அவனை' என்ற இடத்தையும் பிடித்துக்கொண்டது. ஹினெ மெல்ல மறைந்தது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பேச்சுவழக்கில் 'அன்' என்று ஒரு சிறு ஒலியாக மட்டும் அது மிஞ்சியிருக்கிறது. ஹெர் என்பதும் 'அவளுக்கு' என்ற வடிவத்தின் வாரிசு. தெம், வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அங்கேயும் அது 'அவர்களுக்கு'. ஆங்கிலத்தில் பழைய இரண்டாம் வேற்றுமை வடிவம் அப்படியே எஞ்சியிருப்பது இட், வாட் போன்ற இடங்களில்தான், அங்கே எழுவாய்க்கும் அதே வடிவம் என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதனால்தான் ஆங்கில இலக்கண நூல்கள் பலவும் அக்குசேட்டிவ் என்ற பெயரையே விட்டுவிட்டு 'ஆப்ஜெக்டிவ் கேஸ்' என்று எழுதுகின்றன. இரண்டு வேற்றுமை ஒன்றாகிவிட்ட பிறகு பழைய பெயர்களில் எதை வைத்தாலும் பாதிதான் பொருந்தும்.

சிஸ்டர், ஜெர்மனில் அந்த இரண்டும் இன்னும் தனித்தனியாக நிற்கின்றன. அவனை என்றால் 'ஈன்', அவனுக்கு என்றால் 'ஈம்'. யாரை என்றால் 'வேன்', யாருக்கு என்றால் 'வேம்'. ஆங்கில ஹிம், ஹூம் இரண்டிலும் முடிவில் 'ம்' இருக்கிறதே, அது 'ஈம்', 'வேம்' என்பவற்றில் உள்ள அதே 'ம்'. ஆகவே ஆங்கிலப் பழக்கத்தில் 'அவனை' என்று நினைத்துக்கொண்டு 'ஈம்' என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே பலரும் தடுமாறுவார்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள்: 'ஐ' வந்தால் பெரும்பாலும் 'ன்', 'கு' வந்தால் 'ம்'. ஜெர்மன் பள்ளிக் குழந்தைகளுக்கும் அக்குசாட்டிவ் என்ற பெயர் புரியாது என்பதால் 'வேன்-ஃபால்', அதாவது யாரை-வேற்றுமை என்றே சொல்லிக்கொடுப்பது உண்டு. டாட்டிவ் 'வேம்-ஃபால்'. உங்கள் அட்டவணையில் அந்தப் பெயர்களையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: 'உதவு' என்ற ஹெல்ஃபன் வினைக்கு ஜெர்மனில் டாட்டிவ்தான் வரும். நாமும் 'அவனுக்கு உதவினேன்' என்றுதான் சொல்கிறோம், ஆகவே அது சரியாக வந்துவிடும். ஆனால் 'கேள்' என்ற ஃப்ராகன் வினைக்கு அக்குசாட்டிவ். நாம் 'அவனிடம் கேட்டேன்' என்கிறோம், அவர்கள் 'அவனைக் கேட்டேன்' என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் பாட்டிமாரும் 'அவனைக் கேளு' என்றுதான் சொல்வார்கள்.